குரோத் ஸ்பைரல்: ஓசி இல்லீங்க, நாலு லேண்ட் விலை

டிஸ்கி: இது சீட்டாட்டப் பதிவு. ஆனா காசு வெச்சு ஆடுற சீட்டு இல்லை. மேஜிக்: தி கேதரிங் ஏற்கெனவே ஆடுறவங்க அடுத்த ரெண்டு பத்தியைத் தாண்டிப் போயிடலாம். நடுவுல கொஞ்சம் கணக்கு வரும். பயப்படாதீங்க, பத்தாங்கிளாஸ் நிகழ்தகவுதான்.

தெரியாதவங்களுக்காக ரெண்டு வரி. 1993-ல ரிச்சர்ட் கார்ஃபீல்டுங்கிறவர் உருவாக்கின ஆட்டம். ரம்மி மாதிரி எல்லாருக்கும் பொதுவான கட்டு கிடையாது. அவங்கவங்க சீட்டை அவங்கவங்களே பொறுக்கி, குறைஞ்சது 60 கார்டுல ஒரு டெக் கட்டிக்கிட்டு வரணும். அதுல பாதிக்குக் கொஞ்சம் குறைவா லேண்ட், மிச்சம் மந்திரம், பூதம், டிராகன் வகையறா. லேண்டுதான் மானா தரும். மானாதான் இங்கே காசு. ஒரு டர்னுக்கு ஒரு லேண்டுதான் இறக்கலாம். அதனால மூணாவது டர்ன்ல மூணு மானா, நாலாவதுல நாலு. இந்த வரிசையை உடைச்சு, மூணாவது டர்ன்லயே நாலு மானாவைக் கையில வெச்சிருக்கிற வேலைக்குப் பேர் 'ராம்ப்'. (ஃபேஷன் ஷோ ராம்ப் இல்லீங்க.)

எங்க கொல்லிமலையில மிளகு போட்டவங்களுக்கு இதை விளக்கவே வேண்டாம். சில்வர் ஓக் மரத்துல கொடியை ஏத்தி விட்டா, காய் பார்க்க மூணு வருஷமாவது ஆகும். அப்புறம் வருஷா வருஷம் வரும். அதுவரைக்கும் அடுப்பெரிய சாமையோ மரவள்ளியோ வேணும். ராம்ப் கார்டும் அப்படித்தான். இன்னிக்கு ஒண்ணும் தராது, நாளைக்குத் தரும். இன்னிக்கும் நாளைக்கும் நடுவுல செத்துப் போகாம இருக்கிறதுதான் திறமை.

சரி, மேட்டருக்கு வருவோம்.

கார்டு என்ன சொல்லுது?

குரோத் ஸ்பைரல் 2019 ஜனவரியில 'ராவ்னிக்கா அலீஜியன்ஸ்' செட்டுல வந்தது. காமன் கார்டு. விலை ஒரு பச்சை மானா, ஒரு நீல மானா. இன்ஸ்டன்ட், அதாவது எதிராளி டர்ன்லயும் போடலாம். செய்யுற வேலை ரெண்டு: ஒரு கார்டு எடுத்துக்கோ. கையில லேண்ட் இருந்தா ஒண்ணை மேசையில வெச்சுக்கோ.

இதைப் படிச்ச உடனே எல்லாரும் சொல்றது ஒண்ணுதான். "ஓசி கார்டு. போட்டதுக்குப் பதிலா ஒரு கார்டு கைக்கு வந்துடுது, லேண்டும் இறங்கிடுது. ரெண்டு மானாவுக்கு ரெண்டு வேலை, நஷ்டமே இல்லை."

நான் இதை ஒத்துக்கலை. நல்ல கார்டா? நல்ல கார்டு. ஓசியா? கிடையவே கிடையாது. இதோட விலை அந்த மூலையில அச்சடிச்ச ரெண்டு மானா மட்டும் இல்லை. மிச்ச விலை உங்க டெக்குல இருக்கிற மத்த கார்டுகள்ல ஒளிஞ்சிருக்கு. அதைக் கணக்குப் போட்டுக் காட்டத்தான் இந்தப் பதிவு.

முதல்ல எண்ணிப் பார்ப்போம்

பக்கத்துல வெச்சுப் பார்க்க ஒரு பழைய கார்டு வேணும். ராம்பண்ட் குரோத். 1996-ல 'மிராஜ்' செட்டுல வந்தது. இதுவும் ரெண்டு மானா, இதுவும் காமன். கட்டுக்குள்ள தேடி ஒரு சாதா லேண்டை எடுத்து நேரா மேசையில வைக்கலாம். அவ்வளவுதான். கார்டு கீர்டு எதுவும் கைக்கு வராது.

இப்போ நீங்க முதல்ல ஆடுறீங்க. ரெண்டாவது டர்ன். ஆரம்பத்துல எடுத்தது 7, ரெண்டாவது டர்ன்ல எடுத்தது 1, மொத்தம் 8 கார்டு. மேசையில ரெண்டு லேண்ட், கையில 6 கார்டு.

ராம்பண்ட் குரோத் போட்டா: கையில 5, மேசையில 3 லேண்ட்.

குரோத் ஸ்பைரல் போட்டா: போட்டதும் கையில 5. ஒண்ணு எடுத்ததும் 6. ஒரு லேண்டை இறக்கினதும் 5. மேசையில 3 லேண்ட்.

ஆக ரெண்டும் ஒண்ணு! கையிலயும் அஞ்சு, மேசையிலயும் மூணு. 'கார்டு லாபம்'னு சொல்றாங்களே, அது எங்கே இருக்குன்னு யாராவது காட்டுங்க பார்ப்போம். நிஜமாவே எண்ணிக்கையில லாபம் தர்றது 'கல்டிவேட்' மாதிரி கார்டு. மூணு மானா, ரெண்டு லேண்ட், ஒண்ணு மேசைக்கு, ஒண்ணு கைக்கு. அங்கே ஒண்ணு குடுத்து ரெண்டு வாங்குறீங்க. ஸ்பைரல்ல ஒண்ணு குடுத்து ஒண்ணுதான்.

அப்போ வித்தியாசம் எதுல? லேண்ட் எங்கிருந்து வருதுங்கிறதுல. ராம்பண்ட் குரோத் கட்டுல இருந்து எடுக்குது. கையில இருக்கிற லேண்ட் அப்படியே அடுத்த டர்னுக்கு இருக்கும். ஸ்பைரல் உங்க கையில இருந்தே எடுக்குது. நாளைக்கு இறக்க வேண்டிய லேண்டை இன்னிக்கே இறக்கிடுறீங்க. நாளைக்கு? அது வர்ற கார்டைப் பொறுத்தது.

கையில ஒரே ஒரு லேண்ட் மிச்சம்னு வெச்சுக்கோங்க. ஸ்பைரல் போட்டு அதையும் இறக்கியாச்சு. புதுசா வந்த கார்டு லேண்ட் இல்லை, அடுத்த டர்ன்ல வந்ததும் இல்லை. மூணாவது டர்ன்ல உங்ககிட்ட மூணு மானா. ஸ்பைரலே போடாம இருந்திருந்தாலும் அதே மூணு மானாதான்! ராம்ப் பண்ணினதாப் பேரு, நகர்ந்தது ஒண்ணுமில்லை.

இப்போ சதவீதம்

60 கார்டு டெக், நீங்க முதல்ல ஆடுறீங்க, ராம்ப் கார்டு கையில இருக்கு. கையை மாத்தி எடுக்கிறதையும் நிறத் தகராறையும் விட்டுடுவோம். கேள்வி ஒண்ணே ஒண்ணு: மூணாவது டர்ன்ல நாலு லேண்ட் மேசையில இருக்க எவ்வளவு வாய்ப்பு?

ராம்பண்ட் குரோத்துக்கு, அதுவரைக்கும் பார்த்த மத்த 8 கார்டுல மூணு லேண்ட் இருந்தா போதும். நாலாவதை அதுவே தேடிக் கொண்டு வந்துடும். ஸ்பைரலுக்கு ஒரு கார்டு கூடுதலாப் பார்க்கிறோம், ஆனா அந்த 9-ல நாலு லேண்ட் இருந்தே ஆகணும்.

1. ராம்பண்ட் குரோத், டெக்குல 24 லேண்ட்: சுமார் 71%

2. குரோத் ஸ்பைரல், டெக்குல அதே 24 லேண்ட்: சுமார் 54%

3. குரோத் ஸ்பைரல், டெக்குல 28 லேண்ட்: சுமார் 71%

ரெண்டாவது வரியைப் பாருங்க. அதே 24 லேண்டுல ஸ்பைரல் பாதிக்குப் பாதி சூதாட்டம். இப்போ முதல் வரியையும் மூணாவது வரியையும் பாருங்க. ராம்பண்ட் குரோத் 24 லேண்டுல செய்யுற வேலையைச் செய்ய ஸ்பைரலுக்கு 28 லேண்ட் வேணும்.

அந்த நாலு லேண்டுதான் இதோட உண்மையான விலை. நாலு லேண்ட் ஏத்தினா நாலு நல்ல கார்டை வெளியே எடுக்கணும். அதுமட்டுமில்லை, கடைசிக் கட்டத்துல "கார்டு எடுத்துக்கோ"ன்னு ஸ்பைரல் சொல்றப்போ வர்றது லேண்டா இருக்க 24 லேண்ட் டெக்குல 40% வாய்ப்பு, 28 லேண்ட் டெக்குல கிட்டத்தட்ட 47%. விலையை ரெண்டு முறை கட்டுறீங்க. முதல்ல டெக் கட்டும்போது, அப்புறம் பத்தாவது டர்ன்ல.

(ராம்பண்ட் குரோத் ஆளுங்க ஒரு ஜல்லி அடிப்பாங்க. "கட்டுல இருந்து ஒரு லேண்ட் கழியுது, அதனால இனிமே நல்ல கார்டா வரும்." 52 கார்டுல 21 லேண்ட் மிச்சம் இருக்கிற கட்டுல இருந்து ஒண்ணை எடுத்தா 40.4% என்பது 39.2% ஆகும். இதுக்கெல்லாம் சந்தோஷப்படக்கூடாது.)

அப்போ ஏன் தடை பண்ணினாங்க?

நியாயமான கேள்வி. 2020 ஆகஸ்ட் 3-ம் தேதி ஸ்டாண்டர்ட் ஆட்டத்துல குரோத் ஸ்பைரலைத் தடை பண்ணினாங்க, கூடவே வைல்டர்னஸ் ரிக்ளமேஷனையும் இன்னும் ரெண்டு கார்டையும். அந்த வருஷம் செப்டம்பர் 28-ல யூரோ. (ஐரோப்பாக் காசு இல்லை, ராட்சசன் பேரு. மூணு மானாவுக்கு மூணு உயிர், ஒரு கார்டு, ஒரு லேண்ட்.) அக்டோபர் 12-ல எஸ்கேப் டு தி வைல்ட்ஸ், ஆம்நாத், லக்கி குளோவர். பத்தே வாரத்துல, ஒரே கார்டுல புது கார்டும் கூடுதல் லேண்டும் தர்ற மூணு சரக்கு வெளியே போச்சு. ராம்பண்ட் குரோத் 1996-ல இருந்து இருக்கு, ஸ்டாண்டர்ட்ல ஒருநாளும் தடை ஆனதில்லை.

இது என் கணக்குக்கு எதிரா இருக்கிற மாதிரி தெரியும். இல்லை. அந்த டெக்குகளைக் கட்டினவங்க விலையை முழுசாக் கட்டினாங்க. 27, 28 லேண்ட்னு போட்டாங்க. அத்தனை லேண்டையும் தின்னு தீர்க்க வாய் வெச்சிருந்தாங்க. உதாரணம் ஹைட்ராய்டு கிராசிஸ், அதே 2019 ஜனவரி செட்டுல வந்தது. 12 மானா போட்டா பத்துக்குப் பத்து பறக்கும் ஜந்து, கூடவே அஞ்சு உயிர், அஞ்சு கார்டு. அப்படி ஒண்ணு டெக்குல இருந்தா பத்தாவது லேண்டும் பாரமில்லை, அதுவும் சரக்குதான்.

அதனால தடை ஆச்சுன்னா 'அந்த டெக்குல அது பயங்கரம்'னு அர்த்தம். 'உங்க டெக்குல அது பயங்கரம்'னு அர்த்தம் இல்லை. இதைக் குழப்பிக்கிறவங்கதான் அதிகம்.

இதை ஏன் இவ்வளவு நீட்டி முழக்குறேன்?

என் தங்கச்சி பையன் நாமக்கல்ல பாலிடெக்னிக் படிக்கிறான். லீவுக்கு மலைக்கு வந்தா செம்மேட்டுல சிக்னல் கிடைக்கிற இடமாப் பார்த்து உட்கார்ந்து ஃபோன்ல அரீனா ஆடுவான். ஒரு பைசா போடாம ஆடுறவன். அரீனாவுல வேணுங்கிற கார்டை வாங்க வைல்டு கார்டு வேணும். காமன் வைல்டு கார்டு குவிஞ்சு கிடக்கும். ரேர் வைல்டு கார்டு ஒண்ணு சேர்றதுக்குள்ள நாக்குத் தள்ளும்.

பழைய செட்டெல்லாம் செல்லுற ஹிஸ்டாரிக் ஆட்டத்துக்கு ஒரு பச்சை-நீல டெக் கட்டினான். எங்கேயோ ஜெயிச்ச ஒருத்தரோட பட்டியலைப் பார்த்து அப்படியே காப்பி. ஆனா அந்தப் பட்டியல்ல இருந்த 'பிரீடிங் பூல்' மாதிரி ரெண்டு நிற லேண்டுங்க எல்லாம் ரேர். இவன்கிட்ட இல்லை. என்ன பண்ணினான்? அந்த இடத்துல நாலு ஜந்துக்களைப் போட்டுட்டான். லேண்ட் 28-ல இருந்து 24 ஆயிடுச்சு. ஸ்பைரல் நாலும் அப்படியே இருக்கு.

தோத்தான். திரும்பத் திரும்பத் தோத்தான். கடைசியில அவன் வந்து நின்ன முடிவு: "மாமா, இது காசு இருக்கிறவன் ஆட்டம். ரேர் இல்லாம ஜெயிக்க முடியாது. அழிச்சுடப் போறேன்."

எனக்குக் கோவம் வந்தது இந்த இடத்துலதான். அவன் மேல இல்லை. 'ஓசி கார்டு, கண்ணை மூடிக்கிட்டு நாலு போடு'ன்னு சொல்லிக் குடுக்கிற பேச்சு மேல. கையில காசில்லாத பையன் தோத்ததுக்குக் காரணம் ரேர் இல்லாததுன்னு நம்பிட்டான். மேலே இருக்கிற ரெண்டாவது வரிதான் காரணம். 54%. யாரும் அவனுக்கு அந்த வரியைக் காட்டலை.

இதுல வேடிக்கை என்னன்னா, ரேர் லேண்ட் இல்லாதவனுக்கு ஸ்பைரல் மாதிரி உதவுற கார்டு குறைவு. எப்படின்னு சொல்றேன்.

இன்ஸ்டன்டுங்கிற ஒத்தை வார்த்தை

ரெண்டு நிறம் தர்ற காமன் லேண்ட் நிறைய இருக்கு. சிமிக் கில்டுகேட், தார்ன்வுட் ஃபால்ஸ் மாதிரி. ஒரே குறை, மேசைக்கு வரும்போது படுத்துக்கிட்டே வரும். அந்த டர்ன் அதுல மானா எடுக்க முடியாது. ரேர் லேண்டுக்கும் இதுக்கும் இருக்கிற முக்கியமான வித்தியாசம் அதுதான்.

ஸ்பைரலை உங்க டர்ன்ல போடாதீங்க. ரெண்டு மானாவைத் திறந்து வெச்சுக்கிட்டு "உன் டர்ன்"னு சொல்லிட்டு உட்காருங்க. எதிராளி டர்ன் முடியுற நேரத்துல போடுங்க. கில்டுகேட் படுத்துக்கிட்டே வரும். வரட்டுமே! அடுத்து உங்க டர்ன் ஆரம்பிச்சதும் எல்லா லேண்டும் எழுந்துடும். குறை காணாமப் போச்சு. காமன் மந்திரம் ஒண்ணு, காமன் லேண்டை அந்த நேரத்துக்கு ரேர் லேண்டா ஆக்கிடுது.

கூடவே இன்னொரு லாபம். ரெண்டு மானாவைத் திறந்து வெச்சிருக்கிறப்போ எதிராளிக்குத் தெரியாது நீங்க அவன் மந்திரத்தைத் தடுக்கப் போறீங்களா, சும்மா ஸ்பைரல் போடப் போறீங்களான்னு. 2010-ல 'வேர்ல்டுவேக்' செட்டுல வந்த எக்ஸ்ப்ளோரும் இதே ரெண்டு மானாதான், இதே மாதிரி ஒரு கார்டு, கூடுதலா ஒரு லேண்ட். ஆனா அதை உங்க டர்ன்ல மட்டும்தான் போட முடியும். அதுக்கு நீல மானா வேண்டாங்கிறது அதோட சௌகரியம். ஆனா ஒளிச்சு வைக்கிற வித்தை கிடையாது.

என்னைக் கேட்டா குரோத் ஸ்பைரலோட பெருமை "கார்டு எடு"ங்கிற வரியிலயும் இல்லை, "லேண்ட் வை"ங்கிற வரியிலயும் இல்லை. நடுவுல இன்ஸ்டன்ட்னு போட்டிருக்கே, அங்கே இருக்கு.

என் தீர்ப்பு

எந்தக் கார்டையும் அதோட நல்ல நாளை வெச்சு எடை போடாதீங்க. நல்ல நாள்ல எல்லாக் கார்டும் சூப்பர் ஸ்டார்தான். கெட்ட நாள்ல என்ன பண்ணுதுன்னு பாருங்க.

ராம்பண்ட் குரோத்தோட கெட்ட நாள் பத்தாவது டர்ன். கை காலி, எதிராளி கழுத்துல கத்தி வெச்சிருக்கான், நீங்க எடுத்த கார்டு இன்னொரு லேண்டைக் கொண்டு வருது. எதுக்கு?

ஸ்பைரலோட கெட்ட நாள் ரெண்டாவது டர்ன். கையில லேண்ட் இல்லை. ரெண்டு மானா குடுத்து என்ன வரும்னு தெரியாத ஒரு கார்டை எடுக்கிறீங்க. அதுவே லேண்டா இருந்தா தப்பிச்சீங்க.

ரெண்டுல எந்தக் கெட்ட நாளை உங்க டெக் தாங்கும்? கேள்வி அவ்வளவுதான்.

- சீக்கிரம் நாலு மானாவுக்குப் போயி, நாலஞ்சு மானா ஜந்துக்களை இறக்கி அடிக்கிற டெக், 24, 25 லேண்ட்: ராம்பண்ட் குரோத் வகையறா. ஸ்பைரல் வேண்டாம்.

- ஆட்டத்தை இழுக்கிற டெக், தடுப்பு மந்திரம் இருக்கு, எத்தனை மானா வந்தாலும் செலவு பண்ண இடம் இருக்கு, 27, 28 லேண்ட் போட மனசும் இருக்கு: ஸ்பைரல் நாலும் போடுங்க, யோசிக்காதீங்க.

- நண்பர்களோட கமாண்டர் ஆடுறீங்க, 100 கார்டு, ஒவ்வொண்ணும் ஒரே ஒரு பிரதி: முதல்ல கல்டிவேட், கொடாமாஸ் ரீச். அப்புறமா லேண்ட் நிறைய இருந்தா ஸ்பைரல்.

- லேண்டைக் குறைச்சு ஸ்பைரலை வெச்சுக்கிறது: தயவு செஞ்சு வேண்டாம். சாமையும் போடாம, மரவள்ளியும் போடாம, காடு பூரா மிளகுக் கொடி நட்டவன் கதைதான். கொடி நல்லாத்தான் இருக்கும். முதல் வருஷம் சோத்துக்கு?

மாப்ளைகிட்ட சொன்னது, நாலு ஜந்துவைத் தூக்கிட்டு நாலு தார்ன்வுட் ஃபால்ஸ் போடு, ஸ்பைரலை எதிராளி டர்ன்ல மட்டும் போடுன்னு. செலவு நாலு காமன் வைல்டு கார்டு. இப்பவும் தோக்குறப்போ 'ரேர் இருந்தா'ன்னு ஆரம்பிக்கிறான். ஆனா அழிக்கலை, ஆடிக்கிட்டுத்தான் இருக்கான். எனக்கு அது போதும்.

உங்க டெக்குல ஸ்பைரல் இருந்தா லேண்ட் எத்தனைன்னு எண்ணிட்டு வந்து சொல்லுங்க. 24-ன்னு சொன்னா திட்டுவேன் :-)

பி.கு.: சதவீதக் கணக்கை நீங்களும் போட்டுப் பார்க்கலாம். ராம்ப் கார்டு ஒண்ணு கையில இருக்குன்னு எடுத்துக்கிட்டதால மிச்சம் 59 கார்டுன்னு வெச்சு ஆரம்பிக்கணும். தப்பு இருந்தா சொல்லுங்க, ஆனா விடையோட வாங்க. அடுத்த பதிவுல அர்பன் எவல்யூஷன். அஞ்சு மானாவுக்கு மூணு கார்டு, கூட ஒரு லேண்ட். அதோட கெட்ட நாள் எதுன்னு யோசிச்சு வையுங்க.